தாழாத தோணி

அக்கரை மண்ணில் உறங்குகிற என் ஆதம் மச்சானுக்கு,

உனக்குக் கடிதம் எழுத வேண்டி வரும் என்று நான் நினைத்ததேயில்லை. எழுதித் தெரிவிக்க வேண்டிய தூரத்திலா நாம் இருந்தோம்? எங்கள் துறையில் நான் நின்று கை காட்டினால் உன் துறையில் நீ நின்று கை காட்டுவாய். நடுவில் கிடந்தது வாவி மட்டும்தான். ஊரெல்லாத்துக்கும் மனு எழுதிக் கொடுக்கிற என்னைப் பார்த்து, "எல்லாருக்கும் எழுதிறாய், எனக்கொரு மனு எழுத வேணுமெண்டா எவ்வளவு கேப்பாய் மச்சான்?" என்று கேலி பண்ணுவாய். இன்றைக்குச் சும்மாவே எழுதுகிறேன். எந்த விலாசத்துக்கு அனுப்புவதென்று தெரியாததால் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். மற்றவர்களும் வாசிக்கட்டும். வெட்கத்தை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிப் பார்த்துவிட்டேன், அது அடங்கவில்லை.

முதலில் நல்ல செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். உன் மகன் றிஸ்வான் கட்டாரிலிருந்து ஒரேயடியாக வந்துவிட்டான். இனிமேல் போகமாட்டானாம், உன் தோணியை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். அவனுக்குப் பெண்பிள்ளை பிறந்திருக்கிறது, உன் உம்மாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். உன் வீட்டுக்காரி கண்ணில் புரை வெட்டி இப்போது நன்றாகப் பார்க்கிறாள். வாவியில் இறால் பரவாயில்லை. நீ இருந்திருந்தால் பரவாயில்லை என்று சொல்லமாட்டாய், "எங்கட காலத்தில" என்று தொடங்கிவிடுவாய்.

கெட்ட செய்தி என்னைப் பற்றியது. நம்முடைய நாள் இந்த வருடமும் வந்து போனது, மச்சான். அன்றைக்கு என் தோணி தாழவில்லை.

உனக்கு இது போதும், விளங்கியிருக்கும். இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு விளங்காது. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள்.

வெள்ளைக்காரன் கோட்டையில் இருந்து ஆளத் தொடங்கிய காலம். மேற்குக் கரையில், எங்கள் பக்கத்தில், விளைந்த நெல்லைக் கேட்டான். எங்கள் ஆட்கள் தரமாட்டோம் என்றார்கள். பிடித்துக் கட்டிக்கொண்டு வரச் சொல்லிச் சிப்பாய்களை அனுப்பினான். அவர்கள் வாவியைக் கடக்கத் தோணி தேடி உன் ஊர்த் துறைக்கு வந்தார்கள். அங்கே ஒரு தோணியும் இல்லை. உன் ஆட்கள் தங்கள் தோணிகளையெல்லாம் தண்ணீர் நிரப்பி, கரையோரச் சேற்றில் வளரும் கண்ணாப் பற்றைக்குள் தாழ்த்திவிட்டிருந்தார்கள். "தோணி எங்கே?" என்று தளபதி கேட்டான். "தெரியாது" என்றார்கள். அடித்துக் கேட்டான். சுட்டுவிட்டுக் கேட்டான். அப்போதும் அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னார்கள்.

பிறகு தென்னங்குற்றிகளைக் கட்டி மிதந்து வந்த சிப்பாய்களை எங்கள் ஆட்கள் கரையில் நின்று எதிர்த்தார்கள். அன்று மாலை சிப்பாய்கள் திரும்பிப் போனார்கள். அதற்குப் பிறகு பெரிய படையோடு வந்தார்கள், நெல்லும் போனது, வீடுகளும் போயின. ஆனால் அந்த ஒரு நாள் அவர்களால் கடக்க முடியவில்லை. உன் ஊர்த் தோணிக்காரரில் பாதிப்பேர் காயப்பட்டுக் கிடந்ததால், எங்கள் ஆட்கள் வாவியைச் சுற்றி நடந்துபோய் அவர்களுடைய தோணிகளைத் தூக்கிக் கொடுத்தார்கள். எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. இரண்டு ஊர் வாயில்தான் இருக்கிறது.

அதனால்தான் அந்த நாளில் இரண்டு ஊரிலும் தோணிகளைத் தாழ்த்துகிறோம். அன்று பின்னேரம்வரை யாரும் வாவியைக் கடப்பதில்லை, மீனுக்கும் போவதில்லை, இரண்டு ஊரிலும் கீரையும் பருப்பும்தான். யார் வந்து "தோணி எங்க?" என்று கேட்டாலும் "தெரியாது" என்றுதான் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகள் நாள் முழுக்க ஒருவரையொருவர் கேட்டுச் சிரித்துக்கொண்டு திரிவார்கள். பின்னேரம் உன் ஊர் ஆட்கள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி, சுற்றுப்பாதையால் எங்கள் துறைக்கு வருவார்கள். எங்கள் தோணிகளை அவர்கள் தூக்குவார்கள். பிறகு எல்லாரும் அந்தத் தோணிகளில் ஏறி அக்கரைக்குப் போவோம், உங்கள் தோணிகளை நாங்கள் தூக்குவோம். தன் தோணியில் தானே கை வைக்கக்கூடாது. அன்றைக்கு அது கட்டாயம்.

பைபர் தோணி வந்த புதிதில் நாம் பட்ட பாடு ஞாபகம் இருக்கிறதா? என்ன செய்தும் தாழவில்லை. மண் மூட்டையெல்லாம் ஏற்றிப் பார்த்தோம். நீ அதன்மேல் ஏறி இருந்துகொண்டு, "இது வெள்ளைக்காரன்ட ஆள் மச்சான், தண்ணிக்குள்ள போகாது" என்றாய். கரையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். என் தோணி மரத்தோணி, அதனால் எனக்கு அப்போது பெரிய பெருமை.

சண்டைக் காலத்தில் இது நின்றுபோனது. உன் ஊரும் என் ஊரும் ஒன்றையொன்று பார்க்கப் பயந்த வருடங்கள் அவை. யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை, இரண்டு பக்கமும் புதைகுழிகள் இருக்கின்றன. நான் தோணியைத் தாழ்த்தவில்லை. யார் வந்து தூக்குவார்கள் என்று தாழ்த்துவது? அப்படியே பல வருடங்கள் போனபிறகு, நம்முடைய நாளன்று பின்னேரம் நீ தனியாகச் சைக்கிளில், எல்லாக் காவலரணிலும் இறங்கி இறங்கி, சுற்றுப்பாதையால் வந்து என் வேலிக்கு வெளியே நின்றாய். நீ சலாமும் சொல்லவில்லை, சுகமும் கேட்கவில்லை.

"மச்சான், தோணி எங்க?" என்றாய்.

"தெரியாது" என்றேன். இரண்டு பேரும் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதோம். பிறகு நீ துறைக்கு வந்து பார்த்தால் தோணி கரையில் காய்ந்து கிடக்கிறது. "சரி, முதல்ல தாட்டுவம், மறுகா தூக்குவம்" என்று சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினாய். இருட்டுவதற்குள் நீ திரும்ப வேண்டும், ஆனாலும் நீ அவசரப்படவில்லை. அதை நான் மறக்கவில்லை, மச்சான். மறக்காமல்தான் இதையும் செய்தேன்.

என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

எங்கள் நாள் எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. தேசத்தின் விடுதலைக்காக நடந்த ஆரம்பகாலச் சண்டை, அரசாங்க மட்டத்தில் கொண்டாட வேண்டும் என்று ஒரு அலுவலர் வந்தார். தம்பி நல்ல பொடியன், மரியாதையாகத்தான் பேசினார். மேடை, பந்தல், ஒலிபெருக்கி எல்லாம் அவர்கள் பொறுப்பு. அரசாங்கப் பெரியவர் ஒருவர் வருவார். பெயர் எழுதவில்லை, எழுதினால் அவரைத் திட்டுகிற கடிதமாகிவிடும். இது என்னைத் திட்டுகிற கடிதம். விழாக் குழுவுக்கு என்னைத் தலைவராகப் போட்டார்கள். நானும் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த நாளுக்குச் சற்று முன்னர் அலுவலர் தொலைபேசியில் கேட்டார்.

"அண்ணை, பெரியவர் தோணியில வந்து இறங்கினா நல்லாயிருக்கும் எண்டு நினைக்கிறார். படத்துக்கும் வடிவா இருக்கும்."

"தம்பி, அண்டைக்குத் தோணி ஓடாது. எல்லாத்தையும் தாட்டுப்போடுவம். அதுதானே நாளே."

"ஒரு தோணிதானே அண்ணை. உங்கட மரத்தோணி எண்டா பழைய காலம் மாதிரியே இருக்கும். பாலத்தைப் பற்றியும் நேரில ஒரு வார்த்தை சொல்லலாம்."

பாலம் என்ற சொல்லில்தான் நான் விழுந்தேன். உனக்குத் தெரியும், நம் இரண்டு துறைக்கும் நடுவில் பாலம் இல்லை. நீ மவுத்தான அன்று வாடைக் காற்று. தோணியை இறக்கினேன், கரைக்கே தூக்கி எறிந்தது. வவுணதீவுக்கு வந்து பஸ் பிடித்து, பிறகு ஆட்டோ பிடித்து நான் உன் வாசலுக்கு வந்தபோது, உன்னை மையவாடிக்குக் கொண்டுபோய் அடக்கிவிட்டு எல்லாரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அத்தனை வருடம் உன் தோணியைத் தூக்கிய கைகளால் உன்னைச் சுமந்துபோன சந்தூக்கைத் தொட முடியவில்லை. ஒரு பாலம் இருந்திருந்தால் தொட்டிருப்பேன். இதை நினைத்துத்தான் "சரி தம்பி" என்றேன்.

இதுவும் பாதி உண்மைதான். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? பெரியவர் என் தோணியில், நான் கம்பு ஊன்ற, அந்தப் படம் பத்திரிகையில் வரும் என்ற ஆசையும் இருந்தது. அது எவ்வளவு பங்கு, பாலம் எவ்வளவு பங்கு என்று என்னைக் கேட்காதே. அக்கரையிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு வளைவு இருக்கிறதல்லவா, அங்கே ஏற்றினால் நல்லது என்று யோசனை சொன்னவனும் நான்தான். அலுவலருக்கு அந்த வளைவு இருப்பதே தெரியாது. அப்படியானால் நான் செய்வது பிழை என்று எனக்குத் தெரிந்திருக்கிறதுதானே?

இன்னொன்றும் உண்டு. காலை விழாவுக்கு உன் ஊருக்கு அழைப்புப் போகவில்லை. கதிரை போதாது, அவர்கள் வழமைபோலப் பின்னேரம் வரட்டும் என்றார்கள். நான் தலையாட்டினேன்.

அன்று காலை எல்லாத் தோணியும் தாழ்ந்தது. என்னுடையதற்கு மாலை போட்டார்கள். பெரியவர் நடுவில் நின்றார், நான் கம்பு ஊன்றினேன், படம் பிடிக்கிற பொடியன்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று பிடித்தார்கள். கரையில் எங்கள் ஊரே நின்றது. யாரும் கை தட்டவில்லை. ஒலிபெருக்கிக்காரன் தட்டச் சொன்னபிறகுதான் தட்டினார்கள். என் மனிசி பூமணி முன்வரிசையில் நின்றாள். நான் பார்த்தேன், அவள் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெரியவர் நீளமாகப் பேசினார். நம்முடைய முன்னோர்கள் தோணிகளில் ஏறி வாவியைக் கடந்து கோட்டையைத் தாக்கினார்களாம். அதே வழியில் தானும் இன்று தோணியில் வந்ததில் பெருமையாம். உன் ஊரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அடிபட்டவர்களும் சுடுபட்டவர்களும் அந்தப் பேச்சில் இல்லவே இல்லை. நான் மேடையில் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். எழுந்து "ஐயா, அப்படியில்லை" என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. கை தட்டினேன். பாலத்தைக் கவனத்தில் எடுப்பதாகச் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டார்.

அஸர் தொழுகை முடிந்து உன் ஆட்கள் வந்தார்கள். தோணியை மேடைக்குப் பின்னால் ஏற்றித் தறப்பாள் போட்டு மூடியிருந்தேன். அவர்கள் வருமுன் கொண்டுபோய்த் தாழ்த்திவிடலாம் என்று நினைத்திருந்தேன், கதிரை கணக்குக் கொடுக்கிறதிலும் பந்தல்காரனோடு கத்துகிறதிலும் நேரம் போய்விட்டது. உன் ஆட்கள் ஒவ்வொரு தோணியாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். என் இடத்துக்கு வந்ததும் றிஸ்வான் முன்னால் வந்தான். அது அவன் வாப்பாவின் இடம், அதில் வேறு யாரும் முதலில் இறங்குவதில்லை. கண்ணாப் பற்றைக்குள் இறங்கிக் காலால் துழாவினான்.

"மாமா, தோணி எங்க?" என்றான்.

"தெரியாது" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள், மச்சான். உன் ஊர் ஆட்கள் எல்லாரும். ஒவ்வொரு வருடமும் சொல்கிற பதில்தானே. உன் மகனும் சிரித்துக்கொண்டே இன்னும் உள்ளே போனான். "கிழவன் நல்லா ஒளிச்சிரிக்கான்" என்று சொல்லிக்கொண்டு முழுகித் தேடினான். நீரோட்டம் இழுத்திருக்கும் என்று இன்னும் நாலைந்து பேர் இறங்கினார்கள். கழுத்தளவு தண்ணீரில், சேற்றில் கால் வைத்து வைத்து, என் தோணியைத் தேடினார்கள். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் ஆட்களுக்கும் எல்லாம் தெரியும், அவர்களும் வாய் திறக்கவில்லை. என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்திருப்பார்கள். வெள்ளைக்காரனுக்கு முன்னால் உன் ஆட்கள் சொல்லி அடிபட்ட அந்தச் சொல்லை, உன் மகனுக்கு முன்னால் நான் பொய்யாகச் சொல்லிவிட்டேன்.

கரையில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்த உன் ஊர்ப் பொடியன் ஒருவனின் விரல் திடீரென்று நின்றது. படம் அதற்குள் வெளியே வந்துவிட்டது. அவன் போனை றிஸ்வானிடம் நீட்டினான். றிஸ்வான் ஈரக் கையை அந்தப் பொடியனின் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தான். மாலை போட்ட தோணி, நடுவில் பெரியவர், பின்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நான்.

அவன் என்னைத் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். கரையேறிச் சாரனைப் பிழிந்தான். பிறகு என்னைப் பார்த்து, "தோணி கிடைச்சிட்டு மாமா. வாங்க, அங்கால எங்கட தோணியத் தூக்கப் போவம்" என்றான்.

நான் போகவில்லை.

கால் வலிக்கிறது என்றேன். மற்றவர்கள் எல்லாரும் தோணிகளில் ஏறி அக்கரைக்குப் போனார்கள். வழமையாக இரண்டு ஊர் ஆட்களும் சத்தம் போட்டுக்கொண்டு போவார்கள், இந்த முறை துடுப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. நான் காலிக் கதிரைகளுக்கு நடுவில் இருந்தேன். பூமணி வந்து நின்றாள்.

"வெள்ளைக்காரனுக்கு அந்தச் சனம் குடுக்காத தோணிய நீங்க வலியப் போய்க் குடுத்திட்டீங்க" என்றாள்.

"பாலத்துக்காகத்தான் புள்ள."

"ஆதம் அண்ணன் சைக்கிள்ள வரக்குள்ள பாலம் இருந்ததா?"

பிறகு அவள் காலிக் கதிரைகளை அடுக்கத் தொடங்கினாள்.

அடுத்த நாள் விடிந்ததும் தோணியை இழுத்துக்கொண்டுபோய் அதன் இடத்தில் தாழ்த்தினேன். நீ அன்று சொன்னதுதான், முதலில் தாட்டுவோம், பிறகு தூக்குவோம். ஆனால் தூக்க யார் வருவார்கள்? நாள் முடிந்துவிட்டதே. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தூக்கித் தருகிறோம் என்றார்கள், நான் விடவில்லை. அது இன்னும் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது. நான் கரையில் இருந்து கிழிந்த வலையைப் பொத்துகிறேன். தோணி இல்லாதவனுக்கு வலை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

நான் உன் ஊருக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. வெட்கம் என்று சொல்கிறேன், அதுவும் ஒரு சாட்டுத்தான். போய் நின்றால் அவர்கள் தேத்தண்ணி தருவார்கள், எனக்கு அதைக் குடிக்க முடியாது என்பதுதான் பயம்.

நேற்று இறால் எடுக்கிற காதர் மோட்டார் சைக்கிளில் வந்தார். இரண்டு கரையிலும் வாங்குகிற ஆள், இரண்டு கரைக் கதையும் அவரிடம் இருக்கும். றிஸ்வான் மீனுக்குப் போகிறானா என்று கேட்டேன்.

"எங்க போறது? ஓட்டமாவடியில நெல்லு மூட்டை தூக்கிறான்" என்றார்.

"ஏன், தோணிக்கு என்ன?"

"தண்ணிக்குள்ள கிடக்கு. அண்டைக்கு எல்லாத் தோணியையும் தூக்கின நேரம் அவன் தன்னுடையதத் தொட விடல்ல. இது வாப்பாட தோணி, இதத் தூக்கிற ஆள் அக்கரையில இரிக்கார், அவர் வராமத் தூக்க மாட்டன் எண்டு நிக்கிறான். உம்மா சொல்லியும் கேக்கல்ல. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது, மச்சான். இந்த முறை அது உண்மை. அக்கரைக்குப் போய்வந்த எங்கள் ஆட்கள் என் மானத்துக்காக இதையும் மறைத்துவிட்டார்கள்.

கைக்குழந்தைக்காரன் மூட்டை சுமக்கிறான். உன் தோணி அக்கரையில் தண்ணீருக்குள், என் தோணி இக்கரையில் தண்ணீருக்குள். நான் அவனுக்கு ஒரு செய்திகூட அனுப்பவில்லை, அவன் எனக்காகத் தோணியை வைத்துக்கொண்டிருக்கிறான். இதை எங்கே கற்றான் என்று நான் உன்னைக் கேட்கத் தேவையில்லை. வேலிக்கு வெளியே சைக்கிளோடு நின்ற ஆளின் மகன்தானே.

நாளைக்கு வாறன். முதல் பஸ்ஸில், சுற்றுப்பாதையால். பூமணியும் வருகிறாள், அவள் தானாகவே சேலையை எடுத்து வைத்திருக்கிறாள். முதலில் மையவாடி வாசலில் நின்று உனக்குச் சொல்லிவிட்டு, பிறகு துறைக்குப் போவேன். உன் தோணியை என் கையால் தூக்குவேன். மூச்சு வாங்கினால் வாங்கட்டும். பிறகு உன் மகனை அதில் ஏற்றிக்கொண்டு எங்கள் கரைக்கு வருவேன், என் இடத்தில் அவனை இறங்கச் சொல்வேன். அடுத்த வருடம் எந்தப் பெரியவர் வந்தாலும் வேட்டி நனையாமல் ரோட்டால் வரட்டும், இரண்டு ஊருக்கும் ஒரே வரிசையில்தான் கதிரை.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், உன் துறையில், உன் ஊர் ஆட்கள் நிற்கிற இடத்தில் வைத்து, அவன் அன்று கேட்ட கேள்வியை இன்னொரு தரம் கேட்கச் சொல்வேன். "மாமா, தோணி எங்க?" என்று கேட்பான். எங்கே இருந்தது, யாரை ஏற்றியது, ஏன் கொடுத்தேன் என்று எல்லாவற்றையும் சொல்வேன். சொல்லி முடித்தபிறகும் அவன் தூக்க விட்டால் தூக்குவேன்.

உன் சந்தூக்கைத் தொடாத கைகளோடு,
இக்கரையில் உனக்கு இருந்த ஒரே மச்சான்,
தங்கராசா